ஓஸ்மாண்ட் செயலியும் பிரதேச சபையின் வீதிப் பட்டியலும்: வன்னியில் பார்சல் கொண்டு திரிகிற ஒருத்தியின் மதிப்பீடு

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வன்னிக்குள் வேலையாகத் திரிகிறவர்கள், அதுவும் சிக்னல் வந்து வந்து போகிற இடங்களில் திரிகிறவர்கள், ஓஸ்மாண்ட் என்ற, டேட்டா இல்லாமலே வழி காட்டுகிற மெப் செயலியைப் போனில் வைத்திருக்க வேண்டும். ஆனால் இறக்கின கையோடு அது உங்களை வீட்டுப் படலையில் கொண்டுபோய் விடும் என்று எதிர்பார்த்தால் கெதியிலேயே அழித்துவிடுவீர்கள். செயலி நல்லது. அதற்குள் இருக்கிற மெப் எங்கள் பக்கத்துக்கு அரைகுறை. அந்த அரைகுறையில் ஒரு பகுதியைப் பிரதேச சபையிடம் வாங்கின வீதிப் பட்டியலை வைத்து நாங்கள் நிரப்பினோம். ஆகவே இந்த மதிப்பீட்டில் பாதி செயலியைப் பற்றியது, பாதி அந்தப் பட்டியலைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியே மதிப்பிட எனக்குத் தெரியவில்லை.

நான் ஸ்கூட்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குகிறவள். சட்டை, குக்கர், போன் கவர், பிள்ளைகளின் சைக்கிள் வரைக்கும் இப்போது எல்லாம் ஓடரில்தான் வருகிறது. ஏ9 வீதியை ஒட்டின இடங்களில் பிரச்சினை இல்லை. கரடிப்போக்குச் சந்தி, டிப்போச் சந்தி, 155ஆம் கட்டை என்று சொன்னால் யாரும் காட்டுவார்கள். உள்ளுக்குப் போனால்தான் விளையாட்டு. பார்சலில் "இல. 214, 3ஆம் யூனிட்" என்று இருக்கும். அந்த 214 வீட்டு இலக்கம் இல்லை, குடியேற்றத் திட்டத்தில் கொடுத்த காணி இலக்கம். காணி பிரிந்து பிள்ளைகளுக்குப் போனதில் ஒரே இலக்கத்தில் நாலு வீடு இருக்கும். உருத்திரபுரம் பக்கம் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பதே முகவரி. வாய்க்கால் நீளத்துக்கு முகவரியும் நீளும். போன் எடுத்தால், "சங்கக்கடையாலை திரும்பி வாங்கோ அக்கா, வைரவர் கோயில் தாண்ட ரெண்டாவது கேற்" என்பார்கள். சங்கக்கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை இருக்கும்.

எல்லாருடைய போனிலும் வாங்கும்போதே இருக்கிற பெரிய கம்பனி மெப் என்னிடமும் இருக்கிறது. டவுனில் கடை தேட அதுதான் சுகம். ஆனால் குறுக்கு ஒழுங்கைகளுக்குப் பெயர் போட்டுக்கொண்டு திரிவதற்கு அது எங்கள் மெப் இல்லை. போட்டாலும் நாளைக்கு அந்தத் தரவை வேறு எதற்கும் எடுத்துப் பாவிக்க முடியாது. ஓஸ்மாண்டுக்குள் இருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மெப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினது. கணக்கு ஒன்று திறந்தால் யாரும் றோட்டுக் கீறலாம், பெயர் போடலாம், பிழையை அழிக்கலாம். 2012 முதல் அதன் உரிமம் திறந்த தரவுத்தள உரிமம். மூலத்தைக் குறிப்பிட்டு, திருத்தின தரவை அதே உரிமத்தில் பகிர்வதென்றால் யாரும் எடுக்கலாம். இந்த உரிமக் கதை கீழே திரும்பவும் வரும். அங்கேதான் ஆகக்கூடிய இழுபறி.

செயலியைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கை முழுவதும் ஒரே கோப்பாக இறங்கும், வீட்டு வைஃபையில் இறக்கி வைத்தால் சரி. ஒலுமடு, அம்பகாமம் பக்கம் சிக்னல் அறவே இல்லாவிட்டாலும் அம்புக்குறி நகரும், ஏனென்றால் ஜீபீஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. போன பாதையைத் தடமாகப் பதியலாம். ஒரு வீட்டைக் குறித்து வைத்துவிட்டால் அடுத்த முறை போன் எடுக்கத் தேவையில்லை. இந்த ஒன்றுக்காகவே என் றீலோட் செலவு குறைந்திருக்கிறது. குறைகளும் உண்டு. மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. என் தங்கை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "இது பிளேன் ஓட்டிறவைக்கோ?" என்று கேட்டாள். இலவசப் பதிப்பில் இறக்குகிற கோப்புகளுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கிறது. எங்களுக்கு இலங்கை ஒன்றே போதும் என்பதால் அது உறுத்தாது, ஆனால் மாதாமாதம் புதுப்பிப்பதும் கணக்கில் சேரும். மெப்பைத் தொடர்ந்து திருத்துகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறார்கள். வழி காட்ட மட்டும் என்றால் ஓர்கானிக் மெப்ஸ் இன்னும் இலகு, விளம்பரமும் இல்லை. அம்மாவின் போனில் அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மெப்பின் நிலைமைக்கு வருவோம். மட்டக்களப்பு மண்முனை வடக்கில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து 2013ஐ ஒட்டிக் கட்டடம் கட்டடமாக இந்த மெப்பில் ஏற்றினார்கள். அதைத் திறந்து பார்த்தால் பொறாமை வரும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எங்கேயோ இருந்து செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீறின கோடுகள்தான். குறை சொல்லவில்லை, அந்தக் கோடுகளும் இல்லாவிட்டால் நாங்கள் வெறும் பச்சையில்தான் தொடங்கியிருப்போம். ஆனால் கோட்டுக்குப் பெயர் இல்லை, தாரா கிறவலா என்று இல்லை, மாரியில் போகலாமா என்று இல்லை. கோடையில் எடுத்த படத்தில் குளம் வறண்டு வெட்டையாகக் கிடக்கும். மாடு போன தடமும் உழவு இயந்திரம் போன தடமும் பாதை மாதிரியே தெரியும். கீறினவர் நல்ல மனதோடு அதையும் றோட்டென்று கீறியிருப்பார். ஐப்பசி கழிந்தால் அந்த றோட்டின் மேல் ஆளுயரத்துக்குத் தண்ணீர். மெப்போ உங்களைக் குளத்துக்கு நடுவால் போகச் சொல்லும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எந்த மதகு முதலில் மூடுப்படும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. மெப்பில் அது ஒரு வரியும் இல்லை.

இந்த இடத்தில்தான் சபையின் பட்டியல். ஏ தர, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. பரந்தன் முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34 எல்லாம் மெப்பில் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. அதற்கடுத்த சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சமிருக்கிற ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும் பிரதேச சபையுடையவை. மெப்பில் பெயரில்லாமல் கிடப்பவையும் அவைதான். சபை அவற்றுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கும். பெயர், தொடக்கம், முடிவு, நீளம், அகலம், மேற்பரப்பு, வட்டாரம் என்று நிரல் நிரலாக. கிறவல் போடக் காசு ஒதுக்குவதற்கு அது வேண்டும்.

எந்தச் சபை என்று எழுதவில்லை. உதவினவர்களுக்குக் கரைச்சல் வேண்டாம், தராமல் இழுத்தவர்களுக்கு விளம்பரமும் வேண்டாம். நாங்கள் மூன்று பேர். நான், கணினி நிலையம் வைத்திருக்கிற என் மச்சாள், பக்கத்து வீட்டில் இளைப்பாறிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர். அவரை எல்லாரும் ரீ.ஓ. ஐயா என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்கிறதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தருகிறேன், இல்லை என்று முடிவு சொல்ல வேண்டும். மனுவை வாங்கின கையோடு பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், வாங்காமல் திரும்பாதீர்கள். நாங்கள் போன காலத்தில் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து தவிசாளர்களே இல்லை, செயலாளர்தான் எல்லாம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் திரும்ப உறுப்பினர்கள் வந்தார்கள். எங்களுக்கு அது ஒரு வகையில் வசதியாகவே போனது, ஒரே கதவைத் தட்டினால் போதும்.

மேசையில் இருந்த எழுத்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்னத்துக்குப் பிள்ளை? காணிப் பிரச்சினையோ?"

"இல்லை சேர், மெப்பிலை றோட்டுப் பேர் போட."

"மெப்பிலை போட்டா சபைக்கு என்ன வரும்?"

காரணம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது என்று மச்சாள் வாயைத் திறக்க, ரீ.ஓ. ஐயா முந்திக்கொண்டார். "எந்த ஒழுங்கை கொங்கிறீற், எது கிறவல் எண்டு நிறத்திலை காட்டும் தம்பி. வரவுசெலவுக்கு முதல் ஒருக்காப் பாத்தா உங்களுக்குத்தான் லேசு." எழுத்தர் எழும்பி உள்ளே போனார். சட்டத்தைக் காட்டி வாங்குவதும் ஒரு வழிதான், ஆனால் வன்னியில் ஒரு ரீ.ஓ. ஐயா பக்கத்தில் இருந்தால் பாதிச் சட்டம் தேவையில்லை.

பென்ட்ரைவில் வந்த கோப்பைத் திறந்தால் முழுக்கப் பாமினி எழுத்துரு. எழுத்துரு இல்லாத போனில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி இருக்கும். யுனிகோட்டுக்கு மாற்றித் தருகிற கருவிகள் இருக்கின்றன, அது பெரிய வேலை இல்லை. மாற்றின பிறகுதான் தெரியும் தட்டச்சுக்காரரின் கைவரிசை. பாமினியில் அரவும் (ா) ரகரமும் வேறு வேறு விசை, ஆனால் திரையில் ஒன்று போலத் தெரியும். கண்ணுக்குக் "காளிகோயில் வீதி". மாற்றினால் "கரளிகோயில் வீதி". இப்படி வரிக்கு வரி. மச்சாள் இரவில் இருந்து திருத்தினாள். யாராவது சபைக்காரர் இதை வாசித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: புதுப் பட்டியல்களையாவது யுனிகோட்டில் தட்டுங்கள்.

இன்னொரு குறை, பட்டியலில் வரைபடம் இல்லை. தொடக்கம் "பிரதான வீதி" என்று இருக்கும். முடிவு "பரியாரியார் வீட்டடி" என்று இருக்கும். எந்தப் பரியாரியார்? பொறுமை இல்லாதவர்கள் பட்டியலை மெப்போடு கணினியிலேயே நீளம் பார்த்துப் பொருத்தி ஏற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஒரு வரியை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏன் என்று விளங்கும்.

காளிகோயில் குறுக்கு வீதி, பிரதான வீதி முதல் பரியாரியார் வீட்டடி வரை, 0.62 கிலோமீற்றர், கிறவல். மெப்பில் அந்தப் பகுதியில் பிரதான வீதியிலிருந்து பெயரில்லாத மூன்று ஒழுங்கைகள் இறங்குகின்றன. கோயிலுக்கு அருகில் இருப்பது நடு ஒழுங்கை. கணினியில் இருந்து பார்த்தால் யாரும் அதற்குத்தான் பெயரைப் போடுவார்கள். நேரே போனோம். நடு ஒழுங்கையின் முதல் வீட்டில் ஒரு அம்மா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காளிகோயில் குறுக்கு வீதி இதுவோ அம்மா?"

"இதில்லைப் பிள்ளை. காளிகோயில் முந்தி அங்காலை, அந்தப் பாலை மரத்தடியிலை இருந்தது. இடம்பெயந்து வந்தாப் பிறகுதானே இங்காலை கட்டினது. றோட்டு அங்கினேக்கைதான்."

"பரியாரியார் வீடு?"

"அவர் செத்துக் கனகாலம். வீடு கிடக்குது, பூட்டி. மகள் வெளியிலை. அந்த ஒழுங்கையாலை போங்கோ, மஞ்சள் மதில்."

கோயில் நகர்ந்துவிட்டது, வீதியின் பெயர் நகரவில்லை. மூன்றாவது ஒழுங்கையில் தடத்தைப் பதிந்துகொண்டே போனேன். மஞ்சள் மதிலடியில் பார்த்தால் 0.6 சொச்சம், பட்டியலோடு பொருந்துகிறது. ஆனால் ஒழுங்கை அங்கே முடியவில்லை. படலையைத் தாண்டியும் இன்னும் கொஞ்சம் போய் வாய்க்கால் கரையில் ஏறுகிறது. ரீ.ஓ. ஐயா சிரித்தார். படலையோடு சபையின் பொறுப்பு முடிகிறது, அங்காலே வாய்க்கால் ஒதுக்கு நிலம், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கரைப்பாதை, சபை அதற்குக் கிறவல் போட முடியாது. ஆகவே மெப்பிலும் பெயரைப் படலை வரைக்கும்தான் போட்டோம். அதற்கப்பால் உள்ளதைக் கரைப்பாதை என்று வேறாகக் குறித்தோம். இப்போது ஓஸ்மாண்ட் காரையும் லொறியையும் அந்தப் பக்கம் அனுப்பத் தயங்குகிறது. என் ஸ்கூட்டிக்கு அது குறுக்கு வழி, நான் போவேன்.

அந்த அம்மா இல்லாமல், கணினி நீளத்தை வைத்து எதையும் கண்டுபிடித்திருக்காது. பட்டியல் இல்லாமல் அந்த அம்மாவிடம் என்ன கேட்பது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

உரிமத்துக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமையில் ஒரு பட்டியல் கையில் வந்துவிட்டால் அதை எங்கேயும் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தகவலைப் பார்க்கும் உரிமை வேறு, அதை இன்னொரு தரவுத்தளத்தில் சேர்த்து உலகத்துக்கே கொடுக்கும் அனுமதி வேறு. ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் அனுமதி கேட்காத மூலத்திலிருந்து எடுத்தது தெரிந்தால் முழுவதையும் பின்வாங்கிவிடுவார்கள், உழைப்பு மண். செயலாளரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் வாங்கினோம்: இந்தப் பட்டியலை ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் அதன் உரிமத்தின் கீழ் பாவிக்கச் சபைக்கு ஆட்சேபனை இல்லை. கடிதத்தை நாங்களே தட்டிக் கொண்டுபோனோம். "ஆட்சேபனை இல்லை" என்ற சொல் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக வட்டாரத்தில் எல்லாருக்கும் பழகினது. "திறந்த தரவு" என்று எழுதியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கோப்பில் கிடந்திருக்கும்.

பணம் கொடுக்காமல் இறக்கக்கூடிய அரச தரவும் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளத்தில் மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு வரைக்கும் எல்லைகள் கிடைக்கும். கிளிநொச்சி மாவட்டத்தில் 95 கிராம அலுவலர் பிரிவு, முல்லைத்தீவில் 136. மடிக்கணினியில் கியூஜிஐஎஸ் என்ற மெப் மென்பொருளைப் போட்டு விரித்துப் பார்த்தால் எந்த ஒழுங்கை யாருடைய பிரிவில் வருகிறது என்று உடனே தெரியும், பட்டியலைப் பிரித்து வேலை செய்ய நல்ல உதவி. ஆனால் பார்த்து வேலை செய்யத்தான். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்கிற வகை உரிமமாக இருந்தாலும், ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் ஏற்ற உரியவரின் தனி இசைவு வேண்டும். இன்னொன்று, செயலகப் பிரிவும் சபை எல்லையும் ஒன்றில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நாலு செயலகப் பிரிவு, சபையோ மூன்றுதான். இதைத் தெரியாமல் தேடினால் கண்டாவளைப் பிரதேச சபையைத் தேடி அலைவீர்கள்.

கண்டாவளை என்றதும் ஞாபகம் வருகிறது. சபையிடம் பொதுக்கிணறு, மதகு எல்லாம் புள்ளியிட்ட இன்னொரு கோப்பும் இருந்தது, ஏதோ திட்டத்தில் அளந்தது. அதைத் திறந்தபோது கிணறெல்லாம் ஒரே பக்கமாக விலகி வயலுக்குள் நின்றன. பிழை அளந்தவரில் இல்லை. நில அளவைத் திணைக்களத்தின் ஆள்கூறுகள் ஜீபீஎஸ் பாவிக்கிற முறையில் இல்லை. பழையது கந்தவல என்ற அளவைத் தொடக்கப் புள்ளியை வைத்தது. இது நீர்கொழும்புப் பக்கத்து ஊர், எங்கள் கண்டாவளை என்று குழம்ப வேண்டாம். அடுத்தது 1999இல் வந்த புதிய ஆள்கூற்றுக் கட்டம். கண்டுபிடிக்க இலகுவான வழி கிழக்குத் தூர எண்ணைப் பார்ப்பது. கிளிநொச்சிப் பக்கம் பழைய கட்டத்தில் அது 160,000ஐ ஒட்டி வரும், புதியதில் 460,000ஐ ஒட்டி வரும். கியூஜிஐஎஸ்ஸில் பழையதற்கு 5234, புதியதற்கு 5235 என்ற ஆள்கூற்று முறை இலக்கத்தைத் தெரிவு செய்தால் கிணறெல்லாம் தானாக முற்றத்துக்கு வந்துவிடும். எண்ணைப் பார்க்காமல் நேரே ஏற்றினால் நூறு மீற்றருக்கு மேல் தள்ளி நிற்கும், கிணறு பக்கத்துக் காணிக்காரருக்குச் சொந்தமாகிவிடும். எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

எதைப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் பெயர் போடுவதில்லை. ஆதனவரிப் பட்டியல் கேட்கவே இல்லை, அது கேட்கிற சாமான் இல்லை. என் தனிக் குறிப்பில் "பச்சை கேற், கடிக்கிற நாய்" என்று இருக்கும், அது என் போனோடு. காட்டுக்குள் போகிற தடங்களை, நான் போகாதது, ஊரார் போகாதது என்றால் படத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் கீறுவதில்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுவதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை செய்மதிப் படத்தில் தெரியாது. வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் எழுதி அனுப்பினேன், அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

வேலைக்கு நடுவே திருத்துவதற்கு ஓஸ்மாண்டை விட ஸ்ட்ரீட்கம்ப்ளீட் சுகம். ஆண்ட்ரொய்ட் போனில்தான் ஓடும். நீங்கள் நிற்கிற இடத்தில் அதுவே கேள்வி கேட்கும். இந்த றோட்டின் மேற்பரப்பு என்ன? இந்தக் கடை இன்னும் இருக்கிறதா? வாடிக்கையாளர் காசு மாற்றி வரும் வரைக்கும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். படங்களைப் பார்த்துத் தெரிவது என்பதால் பள்ளிக்கூடப் பெடியளும் செய்கிறார்கள். பெரிய திருத்தங்களுக்கு மச்சாளின் கடைக் கணினியில் ஜோசம் என்ற மெப் திருத்துகிற மென்பொருள். அதைத் தொடக்கத்திலேயே யாருக்கும் காட்டாதீர்கள், ஓடிவிடுவார்கள்.

பெயர்களில் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. பட்டியலில் இருக்கும் பெயரும் ஊரார் சொல்லும் பெயரும் பல இடத்தில் வேறு. மெப்பில் மாற்றுப் பெயருக்கு இடம் இருக்கிறது, நாங்கள் சபைப் பெயரை மேலேயும் ஊர்ப் பெயரை மாற்றுப் பெயராகவும் போடுகிறோம். ரீ.ஓ. ஐயாவுக்கு இது சரி. எனக்கு முழுதாகச் சரியில்லை, ஏனென்றால் போனில் எவரும் சபைப் பெயரைச் சொல்லி வழி காட்டியதில்லை. தேடும்போது இரண்டும் வருகிறது என்பதால் இப்போதைக்குச் சண்டையில்லை.

பலன் என்ன? பட்டியல் ஏற்றின வட்டாரங்களில் பார்சலோடு "எங்கை நிக்கிறியள்" என்று போனில் கத்துகிறது நன்றாகக் குறைந்திருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸுக்கு வழி சொல்ல ஒரு கிராம அலுவலர் எங்கள் மெப்பைப் பார்த்துச் சொன்னதாக மச்சாளிடம் வந்து சொன்னாராம், நான் நேரில் பார்க்கவில்லை. பட்டியல் ஏற்றாத பக்கத்துச் சபைப் பகுதிக்குள் போனால் எல்லைக் கோடு கீறினது போல வித்தியாசம் தெரியும். இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை பெயர், அங்கே வெறும் கோடு. அந்தச் சபையிலும் மனுக் கொடுத்திருக்கிறோம். கமநல சேவை நிலையத்தில் சின்னக் குளங்களின் பட்டியல் கேட்டிருக்கிறோம். 80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்கிற குளங்கள் அவர்களின் பொறுப்பு. அது வந்தால் குளத்துக்கு நடுவால் போகிற றோட்டுகளை ஒவ்வொன்றாக அழிக்கலாம்.

ஐந்துக்கு எத்தனை என்றால், செயலிக்கு நாலு. மெனு இவ்வளவு சிக்கலாக இல்லாவிட்டால் நாலரை. சபைப் பட்டியலுக்கு மூன்று. பாமினிக்கு ஒன்று, வரைபடம் இல்லாததற்கு ஒன்று குறைத்திருக்கிறேன். உள்ளடக்கம் என்று பார்த்தால் அந்த நீள அளவுகள் நாங்கள் சரிபார்த்த இடங்களில் பெரும்பாலும் அச்சொட்டாக இருந்தன, அளந்த கையை மெச்ச வேண்டும். டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, போனில் இருக்கிறதே போதும். உள்ளுக்குப் போகிறவர்கள் ஓஸ்மாண்டில் கிறவல் றோட்டைத் தவிர்க்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வன்னியில் பாதி இடத்துக்கு வழியே இல்லை என்று சொல்லும். தடம் பதிந்துகொண்டு போனால் சார்ஜ் கெதியாய் இறங்கும், ஸ்கூட்டியில் ஒரு யூஎஸ்பி பொயின்ற் போட்டுக்கொள்ளுங்கள்.